தடம் விடாத ரயர்

நாவற்குழியில், உப்புக் காற்றுப் படுகிற
தகரக் கொட்டிலுக்குள்
நூறு தொன் பிரஸ் ஒன்றும் நானும்.
போர்க்லிஃப்றுக்கு ரயர் மாற்றுவது தொழில்.
சைக்கிளை உருட்டி வருகிறவர்களுக்கு
'இங்கை காத்து இல்லை' என்று
சொல்லிச் சொல்லி
அதுவே பெயராகிவிட்டது:
காத்தில்லாக் கடை.

வருகிறவரின் முகத்தை நான் முதலில் பார்ப்பதில்லை.
ரயரின் வெடிப்புக்குள் சிக்கியிருப்பதைப் பார்ப்பேன்.
வெங்காயச் சருகு என்றால் சுன்னாகம்.
வெள்ளைக் கற்பொடி என்றால் கல் அரியும் முற்றம்.
நண்டுக் கால் என்றால்
தேடவே தேவையில்லை,
மணம் முன்னமே வந்து கதிரையில் இருந்துவிடும்.

பழைய இரும்பு வாங்கும் சிவநேசன்
காற்று ரயர்தான் வேண்டும் என்று நின்றவர்.
மேடு பள்ளத்தில் மெத்தென்று போகுமாம்,
நாரி நோகாதாம்.
பொய்யில்லை.
ஆனால் அவருடைய முற்றத்தில்
ஆணி, போத்தல் ஓடு, படலைக் கொளுக்கி,
ஒருமுறை
ஓரம் சுருண்ட ஒரு துண்டு.
அது எதன் துண்டு என்று
அவரும் சொல்லவில்லை
நானும் கேட்கவில்லை.
மாதத்தில் மூன்று தரம் வண்டி குந்திக்கொண்டது.
கடைசியில் முழு ரப்பர் போட்டுவிட்டேன்.
இப்போது
குத்தினதை உள்ளே வைத்துக்கொண்டு
அது தன்பாட்டில் ஓடுகிறது.
'நாரி நோகுது தம்பி.'
நோகத்தான் செய்யும்.

அச்சுவேலிக் களஞ்சியத்து வண்டிக்கு
இரும்பு வளையத்தில் ஒட்டின குட்டை ரயர்.
வழித்த சீமெந்துத் தரையில்
தட்டுகளுக்கு நடுவே
நின்ற நிலையில் திரும்பும்.
வெளியே இறக்காதே என்று
எழுதியும் ஒட்டினேன்.
கிருபைராசா மார்கழி மழைக்குள்
தேத்தண்ணி வாங்க
அதிலேயே புறப்பட்டான்.
செம்மண் அச்சு வரைக்கும் விழுங்கிவிட்டது.
பனங்குற்றி நாலு, ஆட்கள் ஆறு,
தேத்தண்ணி எல்லாருக்கும் அவன் கணக்கில்.

நேற்று அன்ரனற் வந்தாள்.
பாஷையூர் நண்டுக் குளிரறையில் வண்டி ஓட்டுகிறவள்.
'தரையிலை கறுப்புக் கோடு.
என்ரை ரயர்தான் எண்டு
ரெண்டு நாள் சம்பளம் வெட்டிப்போட்டார் மனேச்சர்.'

அவளுடையது வெள்ளை ரயர்.
கரி சேர்க்காத ரப்பர்.
தின்னும் பொருள் இருக்கிற இடத்தில்
தடம் விடாது.
அதற்காகக் கூடின விலை,
அதற்காகவே கெதியாய்த் தேய்வு.
குந்தியிருந்து நகத்தால் சுரண்டினேன்:
நண்டு ஓடு, நீலக் கையுறையில் ஒரு விரல்நுனி,
ஐஸ் உருகின ஈரம்.
சுவரில் பதித்திருந்த வெள்ளை மாபிளில்
அழுத்தித் தேய்த்தேன்.
ஒன்றுமில்லை.

'எனக்குத் தெரியும்' என்றாள்.
பையைத் திறந்து
ஒற்றைச் சப்பாத்தை எடுத்தாள்.
'வாசலிலை கழட்டாமல்
உள்ளுக்கு வாறவர்.
இண்டைக்குச் சாப்பிடேக்கை மட்டும்
மேசைக்குக் கீழை கழட்டினவர்.'
குதியை மாபிளில் வைத்து
ஒரே இழுப்பு.
நல்ல கொழுத்த கறுப்பு வளைவு,
புருவம் மாதிரி.

போனில் படம் எடுத்தாள்.
முதலில் ரயரோடு, பிறகு சப்பாத்தோடு.
இரண்டு பேருக்கும் சிரிப்பு நிற்கவில்லை.
ஒற்றைச் சப்பாத்தோடு அந்த மனிதர்
இப்போது எந்த மேசைக்குக் கீழே
குனிந்து தேடுகிறாரோ.

ஆனாலும் ரயர் தேய்ந்தது தேய்ந்ததுதான்.
பக்கத்தில் வார்த்த எல்லைக்கோடு
தரையைத் தொட இன்னும்
ஒரு விரற்கடை இல்லை.
றிம்முக்குச் சோப்புத் தண்ணி பூசி
பிரஸ்சை இறக்கினேன்.
பழையது முனகிக்கொண்டு கழன்றது.
புதியது ஏறி இருக்கிற நேரம்
ஒரு 'டொக்'.
அந்தச் சத்தம் கேட்டால்தான்
எனக்குச் சாப்பாடு இறங்கும்.

'பில்லைக் கொம்பனிக்குப் போடுங்கோ.
சப்பாத்தை நான் கொண்டுபோறன்,
அவர் பாவம்.'

அவள் போய்விட்டாள்.
மாபிளில் அந்தக் கோடு.
சோப்புத் தண்ணி வாளியில் இருக்கிறது,
துணியும் கையில் இருக்கிறது.
இருக்கட்டும்.